ஒரு லீவு கேட்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அப்பா என்னை ஜோலார்பேட்டை ஸ்டேஷன் வாசலில் டி.வி.எஸ். வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். திருப்பத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் எட்டு கிலோமீட்டர். மூன்று நாளைக்கு முன்னால்தான் இதே வாசலில் இரண்டு பெரிய பைகள், ஒரு பிளாஸ்டிக் பக்கெட் சகிதம் வந்து இறங்கியிருந்தேன். ‘இனி பரீட்சை முடியும்வரை பெங்களூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்’ என்று வீர வசனம் வேறு பேசியிருந்தேன். இப்போது தோளில் ஒரு பை, கையில் தயிர்சாத டப்பா, வாயில் பூட்டு.

“டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கா?” என்று மட்டும் அப்பா கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பெங்களூருக்குப் போய் வந்தவர்கள் லால்பாக்கைப் பற்றி எழுதுவார்கள், குளிரைப் பற்றி எழுதுவார்கள், தோசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். நான் அந்த ஊரில் இரண்டரை வருடம் இருந்தவள். லால்பாக்கை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். சி.ஏ. படிக்கிறவர்கள் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து வேலை கற்றுக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு ஆர்ட்டிக்கிள் என்று பெயர். நானும் ஒரு ஆர்ட்டிக்கிள். பகலில் அடுத்தவர்களுடைய கம்பெனிகளில் உட்கார்ந்து டிக் அடிக்கிறோம், மிச்ச நேரத்தில் படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். ஆகவே நான் எழுதப்போவது ஒரே ஒரு நாள் பயணத்தைப் பற்றித்தான். போனது லீவு கேட்க.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். மெமு ரயிலில் முப்பத்தைந்து ரூபாய்ச் சீட்டு. வண்டி கிளம்பும்போது இருட்டு விலகவில்லை. ஜன்னல் ஓரம் கிடைத்தது. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன், ஒரு வரி உள்ளே போகவில்லை.

விஷயம் இதுதான். இன்டர் பரீட்சைத் தாள்களை இரண்டு குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள், எனக்கு இரண்டாவது குரூப் பாக்கி. முதல் குரூப்பை முடித்துவிட்டு ஆர்ட்டிக்கிளாகச் சேரலாம் என்று இருந்த பழைய ஏற்பாட்டில் சேர்ந்தவள் நான். அந்த இரண்டாவது குரூப்பில், எனக்குச் சுத்தமாக வராத காஸ்டிங் தாளில், எந்தச் சாமி புண்ணியமோ, ஒருமுறை அறுபத்தோரு மார்க் வந்துவிட்டது. அறுபது வந்தால் அடுத்த மூன்று முறைக்கு அந்தத் தாளை எழுத வேண்டாம், எக்ஸம்ப்ஷன் என்பார்கள். முதல் முறை ஃபெயில். இரண்டாவது முறை ஆபீஸ் வேலையில் மாட்டிப் பாதிப் படிப்போடு போய் மறுபடியும் ஃபெயில். வருகிற மே மாதம் மூன்றாவது முறை. இதிலும் கோட்டை விட்டால் அந்த அறுபத்தொன்று காற்றில் போகும், காஸ்டிங்கை முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு என் லட்சணம் தெரியும், அந்த மார்க் இன்னொரு முறை வராது. படிக்க இரண்டு மாதம் லீவு கிடைத்தால்தான் பிழைப்பு.

விதிப்படி லீவு உண்டு. ஆனால் விதியை யாரிடம் போய்க் காட்டுவது? பயிற்சியை ஒழுங்காக முடித்தாள் என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே ஆடிட்டர்தான். அவரை நாங்கள் எல்லோரும் சார் என்போம். பிப்ரவரியில் சாருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மார்ச் முதல் வாரத்திலிருந்து லீவு வேண்டும் என்று மரியாதையாக நாலு வரி. கடைசியில் ஒரு வரி: ‘தங்களிடமிருந்து மறுப்பு வராத பட்சத்தில், சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.’

இந்த வரியை வேறு எந்தத் தொழிலில் இருக்கிறவளும் எழுதியிருக்க மாட்டாள். ஆடிட்டில் இது எங்கள் வழக்கம். ஒரு கம்பெனியோடு வரவு செலவு வைத்திருக்கிறவர்களுக்கு, நாங்கள் பார்ட்டி என்று சொல்கிறவர்களுக்கு, கன்ஃபர்மேஷன் லெட்டர் என்று ஒரு கடிதம் போடுவோம். கணக்கில் உங்கள் பெயரில் இவ்வளவு இருக்கிறது, தப்பு என்றால் எழுதுங்கள், பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம் என்று. யாரும் பதில் போட மாட்டார்கள். நாங்களும் சரி என்று டிக் அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போவோம். இரண்டரை வருடமாக அந்த வாக்கியத்தைத் தட்டித் தட்டி, உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நான் நம்பிவிட்டேன். சார் பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. பதினைந்து நாள் பொறுத்தேன், அதுவும் எங்கள் வழக்கப்படிதான். பிறகு தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் கட்டிலைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா எனக்காக மாடி அறையைக் கழுவி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் சீனியர் எட்வின் போன் செய்தார். “எங்கம்மா இருக்கே? நாளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டி ஆடிட்டுக்கு வரணுமாம். சார் கேட்டார், நித்யா எங்கேன்னு. லீவுன்னு சொன்னேன். யார் குடுத்த லீவுன்னாரு.” அன்று இரவே பையைக் கட்டினேன்.

குப்பத்தில் ஒரு அக்கா ஏறி எனக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, தினமும் இதே ரயில். தமிழ்நாட்டில் ஏறி, ஆந்திராவில் கொஞ்ச தூரம் ஓடி, கர்நாடகத்தில் இறங்குகிற ரயில் இது. அந்த அக்கா மூன்று பாஷையையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசினார். என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “பெரிய புக்கா இருக்கே. என்னா படிக்கிறே?” என்று கேட்டார்.

“சி.ஏ. படிக்கிறேன்க்கா. ஆர்ட்டிக்கிளா இருக்கேன்.”

“ஆர்ட்டிக்கிள்னா? பேப்பர்ல எழுதுவாங்களே, அதுவா?”

“இல்லக்கா, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை.”

“அப்ப வேலையா, படிப்பா?”

“ரெண்டும்.”

“ரெண்டுமா!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “எத்தினி வருசமா?” இரண்டரை என்றேன். “எப்ப முடியும்?” “முடியும்க்கா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கொய்யாவை நறுக்கி, உப்பு மிளகாய் தடவிக் கொடுத்தார். பங்காருப்பேட்டை தாண்டும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். வெளியே மாலூர் செங்கல் சூளைகள், அப்புறம் வீட்டு மனைக் கொடிகள், அப்புறம் முழுக்க அடுக்குமாடிகள். ஒயிட்ஃபீல்டில் பாதி ரயில் காலியானது. அக்கா இறங்கும்போது, “நல்லாப் பாஸ் ஆகு கண்ணு” என்றார். சிரித்துவைத்தேன்.

கே.ஆர்.புரத்தில் இறங்கும்போது எட்டரை மணி. இங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். ரிங் ரோட்டின் நடுவில் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள், தூண்களின் இரண்டு பக்கமும் வண்டிகள் நகராமல் நின்று உறுமிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆதாரைக் காட்டி இலவச டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் என்னிடம் வந்தார்.

“ஆதார் தோரிஸி.”

காட்டினேன். அவர் விலாசத்தைப் பார்த்தார். “தமிள்நாடாம்மா? டிக்கெட் தகோளி.” அவர் மேல் தப்பில்லை, கர்நாடக விலாசம் இருந்தால்தான் இலவசம். முப்பது ரூபாய் கொடுத்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டரை வருடத்தில் இந்த ஊருக்கு நான் எத்தனையோ முறை டிக்கெட் வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாரத்தஹள்ளி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாரத்தஹள்ளி வர ஒரு மணி நேரம் ஆனது, அழுது முடிக்கத் தாராளமான நேரம்.

சில்க் போர்டில் மெட்ரோ பிடித்தேன். அது மட்டும் சொர்க்கம். கீழே நசுங்கிக் கிடக்கும் சாலையை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் கண்ணாடி, கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம், கம்பெனிக் கார்கள், பி.ஜி. விளம்பரங்கள். தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆத்தூர்த் தமிழ், தர்மபுரித் தமிழ், நாகர்கோவில் தமிழ். எல்லோரும் அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் ஆடிட் செய்கிற கம்பெனி லிப்டுக்கான மின்கம்பி செய்கிற ஒரு தொழிற்சாலை. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோக்காரன் எண்பது ரூபாய் கேட்டான், வெயிலில் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். ஆடிட்டர்களுக்கு எந்தக் கம்பெனியிலும் ஒரே மாதிரி அறைதான் கொடுப்பார்கள். ஜன்னல் கிடையாது, ஏ.சி.யை நிறுத்த முடியாது, மூலையில் உடைந்த நாற்காலிகளும் போன வருட தீபாவளி அலங்காரமும் கிடக்கும். அந்த அறையில் எட்வின் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிங்கராஜபுரத்துக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். ஆர்ட்டிக்கிளாக இருந்து முடித்துவிட்டு, ஃபைனல் பாஸாகாததால் அதே ஆபீஸில் சம்பளத்துக்கு இருக்கிறார். ஆறு வருடமாகிறது. நான் சேர்ந்த முதல் நாள், எனக்கு ஸ்டேப்ளர் எங்கே இருக்கிறது என்று காட்டியதிலிருந்து, சாருக்கு எப்போது கோபம் வரும் என்பது வரை எல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எட்வின் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

“வந்துட்டியா? பேஜார் ஆகாதே. சார் நாலு மணிக்கு வர்றாரு, அப்ப கேட்டுக்கலாம்” என்றார். “டீ குடி மொதல்ல. மூஞ்சி சரியில்லே.”

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை, கணக்கில் இருக்கிற மெஷின்கள் தரையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டியிருக்கிற நம்பரைத் தேடிக் குனிந்து, எழுந்து, மறுபடி குனிந்து மதியம் வந்துவிட்டது. ஒரு மெஷினின் நம்பர் எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்துபோயிருந்தது. துப்பட்டாவால் துடைத்தேன். அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேன்டீனில் சாப்பிடும்போது நான்தான் புலம்பிக்கொண்டே இருந்தேன். எக்ஸம்ப்ஷன் போய்விடும், காஸ்டிங் வராது, சார் ஒரு கல்நெஞ்சுக்காரர், நீலக் கோடு போட்டுவிட்டு வாயைத் திறக்காத மனுஷன் ஒரு மனுஷனா என்று. எட்வின் சாம்பாரில் முருங்கைக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்:

“எனக்கும் மேதான்.”

“என்னது?”

“ஃபைனல். ஒரு குரூப்தானே பாக்கி. கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ்ல கேக் குடுத்தேன் பாரு, அப்பவே சார்கிட்ட கேட்டுட்டேன். ஆகட்டும்னாரு. ஏப்ரல் ஒண்ணாந்தேதியிலேந்து.”

ஏப்ரலில்தான் பாங்க் ஆடிட் வரும். ஆபீஸில் மிச்சம் இருப்பது மூன்று முதல் வருடப் பிள்ளைகள். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் போகாமல் அந்த வேலை நடக்காது என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

“போன தடவை மூணு மார்க்கு” என்றார் எட்வின். “ஒவ்வொரு பேப்பர்லயும் பாஸ். மொத்தத்துல மூணு கம்மி. சும்னே உட்காந்து பாத்துட்டே இருந்தேன் அந்த ரிசல்ட்டை. அதுக்கு முந்தின தடவை பதினொண்ணு. கிட்ட வந்துட்டேன் பாரு.” சிரித்தார். “மோர் வேணுமா?”

அவர் மோர் வாங்கப் போனபோது, நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ‘எனக்குக் கிடைத்தால் போதும்’ என்று நினைத்தேன். அதுதான் முதலில் வந்தது.

நாலு மணிக்கு வர வேண்டிய சார் ஐந்தரைக்கு வந்தார். கம்பெனியின் மேனேஜரோடு சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தார். பிஸ்கட்டும் காபியும் வந்தன. மேனேஜர் போனதும் என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, சத்தம் போட மாட்டார். எல்லாவற்றையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொள்வார். அதுதான் இன்னும் பயம்.

“வாம்மா நித்யா. ஊர்ல மாங்கா பூத்துடுச்சா?” என்றவர், செல்போனை எடுத்து என் மெசேஜைத் தேடிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். “மறுப்பு வராத பட்சத்தில் சரி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆஹா! நான் என்ன பார்ட்டியாம்மா? எனக்கே கன்ஃபர்மேஷன் லெட்டரா?” குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பதில் சொல்லலேன்னா சரின்னு அர்த்தமா? பதில் சொல்ல நேரமில்லேன்னு அர்த்தம். புரியுதா?”

“புரியுது சார். ஸாரி சார். ஆனா எனக்கு மே மாசம்...”

“எட்வினுக்கும் மே. அதானே எட்வின்?”

“ஆமா சார்” என்றார் எட்வின்.

சார் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தார். “ஹாசன் பக்கம் ரெண்டு பாங்க் பிராஞ்ச் வந்திருக்கு. முதல் வருஷப் பசங்களை அனுப்பினா மேனேஜர் டீ வாங்கிக் குடுத்தே திருப்பி அனுப்பிடுவான். ஒருத்தரைத்தான் விட முடியும். யார்னு நீங்களே பேசிச் சொல்லுங்க, எனக்கு எந்தப் பட்சபாதமும் இல்லே.” சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

பேசிச் சொல்வதாம். அவர் முன்னால், அவர் பிஸ்கட் தின்று முடிப்பதற்குள், இரண்டு பேர் தங்கள் ஆயுசைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் எரிச்சலில் வந்தது கோபமான வார்த்தை இல்லை. “சார், எனக்கு எக்ஸம்ப்ஷன் இதோட போயிடும் சார். இது கடைசி சார்” என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எட்வின் பக்கம் திரும்பவில்லை.

“ஓ, அப்படியா?” சார் தலையைத் தூக்கினார். “எட்வின், கேட்டியா? இவளுக்குக் கடைசியாம். ஒனக்கு ஓகேதானே?”

எட்வின் ஒன்றும் சொல்லவில்லை. மேஜை மேல் சிந்தியிருந்த பிஸ்கட் தூளை விரலால் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஏ.சி. இரைந்தது. நான் கீழே பார்த்தேன், என் துப்பட்டாவில் எண்ணெய்க் கறை இருந்தது.

“சரி, ஒண்ணும் சொல்லலே. ஆயித்து” என்றார் சார். “நித்யா போகட்டும். எட்வின் ஹாசன். எட்வின், நீ நவம்பர் சைடுல, இல்லே செப்டம்பர்லயா எப்பவோ எழுதிக்கோ. பரீட்சை எங்கே ஓடிப்போகுது?” எழுந்து, ஸ்வெட்டர் போட்ட அந்தத் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கார் பக்கம் போய்விட்டார்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் என் வாக்கியத்தைப் படித்துச் சிரித்த மனுஷன்! ‘அவர் சரின்னு சொல்லலியே சார்’ என்று நான் சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம். அந்த நிமிஷம் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

“வா, கன்டோன்மென்ட்ல விட்டுடறேன். என் வழிதானே” என்று எட்வின் பையை எடுத்தார். ரயில் எட்டு மணிக்குத்தான். மறுக்க எனக்கு முகம் இல்லை, வண்டியில் ஏறிக்கொண்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மேம்பாலத்தில் போனால் டோல் கட்ட வேண்டும், கீழே போனால் நேரத்தைக் கட்ட வேண்டும். எட்வின் எப்போதும் கீழேதான். மேலே கார்கள் விர்ரென்று போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நாங்கள் அந்தப் பாலத்தின் நிழலில் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்தோம். பொம்மனஹள்ளி சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் நகரவில்லை. அங்கேதான் வாயைத் திறந்தேன்.

“ஏன்ணா பேசல?”

“பேசி?”

“கிறிஸ்துமஸ் அப்பவே ஆகட்டும்னு சொன்னீங்களே சார்னு சொல்லியிருக்கலாம்ல? நீங்கதானே மொதல்ல கேட்டீங்க?”

எட்வின் ஹெல்மெட்டோடு பாதி திரும்பினார். “சொன்னா யோசிப்பாரு. யோசிச்சா என்ன பண்ணுவாரு தெரியுமா? ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தர் மூஞ்சி தொங்குது, ரெண்டு பேரும் ஆடிட் முடிச்சிட்டே போங்கன்னுடுவாரு. போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. நானும் இன்னொரு பையனும் சண்டை போட்டோம். ரெண்டு பேருக்கும் கிடைக்கலே. அந்தப் பையன் விட்டுட்டே போய்ட்டான், இப்ப அவங்க மாமா டைல்ஸ் கடைல இருக்கான்.”

“அப்ப நீங்க வேணும்னேதான்...”

“ஏய், பெரிய தியாகின்னு நெனச்சுடாதே. எனக்கு உள்ளே எரியுது. இந்த வண்டியை அப்படியே அந்த லாரிக்குள்ளே விட்டுடலாமான்னு இருக்கு.” பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை நகர்த்தினார். “வீட்ல போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியலே. அம்மா பைபிள்ல என் ஹால் டிக்கெட்டை வெச்சு ஜெபம் பண்ணுவாங்க ஒவ்வொரு தடவையும். இந்தத் தடவை ஹால் டிக்கெட்டே இல்லே, சும்னே ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லணும்.”

நான் அழுதேன். பின்னால் உட்கார்ந்து அழுகிறவளின் சத்தம் பெங்களூர் டிராஃபிக்கில் யாருக்கும் கேட்காது. மடிவாளா, ஆடுகோடி, ஆஸ்டின் டவுன் என்று ஒவ்வொன்றாகப் போனது. ஆஸ்டின் டவுனில் ஒரு கடையில் நிறுத்தி எட்வின் இரண்டு மசால் வடை வாங்கினார், பன்னிரண்டு ரூபாய் வீதம். நின்றபடியே தின்றோம். கடைக்காரரும் தமிழ்தான். “என்னப்பா எட்வின், ஆடிட்டர் ஆயிட்டியா?” என்று கேட்டார். வருஷா வருஷம் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. “ஆகிடுவோம்ணே, எங்கே போயிடும்” என்று எட்வின் சொல்லிவிட்டு என் கையில் காகிதத்தைக் கொடுத்தார், கை துடைக்க.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் இறங்கியபோது ஏழரை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். நன்றி என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

“தேங்க்ஸெல்லாம் வேணாம். பாஸ் பண்ணிடு. நீயும் ஊத்திக்கிட்டா ரெண்டு பேர் அட்டெம்ப்ட்டும் வேஸ்டு, பாத்துக்கோ.” விளையாட்டாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். முகத்தில் விளையாட்டு இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு லிங்கராஜபுரம் பக்கம் போய்விட்டார். பாலத்தின் வளைவில் அந்தச் சிவப்பு விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடைமேடையில் கூட்டம் சொல்லி மாளாது. வாரத்தின் முதல் நாளே இந்தக் கூட்டம் என்றால் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும்! எங்கள் ஊரில் ஒரு காரியம் ஆகாது என்றால் முகத்துக்கு நேராகவே கத்திவிடுவார்கள். எங்கள் தெரு மளிகைக்காரர் கடன் இல்லை என்று பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். சின்ன வயதில் அது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கிறது. இப்போது அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருத்தருடைய லீவை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே காரில் ஏறிப்போகிற நாகரிகத்தை நான் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றவள்தானே.

ரயில் வருவதற்கு முன்னால் அப்பா போன் செய்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார், பின்னால் அம்மாவின் மிக்ஸி சத்தம் கேட்டது.

“என்னம்மா ஆச்சு?”

“லீவு கிடைச்சிடுச்சுப்பா.”

“நெஜமாவா!” மிக்ஸி நின்றது. அம்மாவிடம் சொல்கிறார் என்று தெரிந்தது. “ரெண்டு மாசமும் குடுத்துட்டாரா?”

“ரெண்டு மாசமும்.”

“பாரேன். நேத்துலேந்து நான் அந்த மனுஷனை மனசுக்குள்ள எவ்ளோ திட்டினேன் தெரியுமா? தப்பு. நல்ல மனுஷன்தான்மா.”

“ரொம்ப நல்ல மனுஷன்பா” என்றேன். “லிங்கராஜபுரத்துல வீடு. அம்மா மட்டும்தான் கூட.”

“லிங்கராஜபுரமா? ஜெயநகர்ல பெரிய பங்களான்னு சொல்லியிருந்தியே?”

“அது சாருப்பா” என்றேன். “லீவு குடுத்தது வேற ஆளு.”